இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

அட்டை இல்லாமல்தான் வந்தது அந்த இசைத்தட்டு.
செம்பவாங் வாயிலில், சம்பளம் தீர்ந்துபோன
நியூசிலாந்து மாலுமி மூன்று வெள்ளி கேட்டான்.
இரண்டு தந்தேன்.
நடுவட்டத்தில் யாரோ சிந்திய தேநீர்க் கறை.
ஊர்ப் பெயர் மட்டும் படிக்க முடிந்தது: கிங்ஸ்டன்.

ரோஸ்லான் வீட்டுக் கூடத்தில் முள்ளை வைத்தோம்.
முதல் அடி விழவில்லை.
மோட்டார் கெட்டுவிட்டதென்று டெரிக்
பெட்டியைத் தூக்கி அடியில் பார்த்தான்.
கெடவில்லை. அவர்கள் வழக்கமே அதுதான்:
ஒன்று என்று எண்ணும் இடத்தைக் காலியாக விட்டு
மூன்றில் வந்து உட்காருகிறார்கள்,
வேலைக்குத் தாமதமாக வந்தும்
அவசரப்படாத ஆள் மாதிரி.

கித்தார் மேலே கீறிக்கொண்டிருக்க
பாஸ்தான் பாட்டு.
நான் பாஸ் வாசிப்பவன்.
அன்றைக்குத்தான் இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்புறம் அந்தக் குரல்.
பாதி புரியவில்லை. ஆனாலும்
அவன் இங்கிலீஷும் எங்கள் இங்கிலீஷ் மாதிரி,
காலம் பிசகி, வால் அறுந்து, வெட்கமில்லாமல்.
கப்பல் பட்டறையில் மிஸ்டர் ஹாலோரன் முன்னால்
ஒவ்வொரு சொல்லையும் துடைத்து நீட்டிய எனக்கு,
அப்படிப் பேசியே ஒருவன் பாடலாம்,
அதைத் தட்டில் அடித்துக் கப்பலேற்றலாம் என்பது
ஒரு வாரத் தூக்கத்தைத் தின்றது.

நீளமுடிக்காரருக்குக் கடைசியில்தான் கவனிப்பென்று
தபால் நிலையத்தில் படம் போட்டு ஒட்டியிருந்த காலம்.
ரோஸ்லான் காலரைத் தொட வளர்த்தான்.
ஓர் அஞ்சல்தலைக்கு நாற்பது நிமிடம் நின்றான்,
பலகையில் விரலால் இரண்டு, நான்கு,
இரண்டு, நான்கு என்று தட்டியபடி.
பிறகு ஒருநாள் அவன் தூங்கும்போது
அம்மா வெட்டிவிட்டார்.
அவ்வளவுதான் எங்கள் புரட்சி.

தைப்பூச ஊர்வலத்தில் மேளத்துக்குத் தடை வந்த வருடம்
சித்தப்பா காவடிக்குப் பின்னால்
செருப்பில்லாத கால்களின் சத்தத்தோடு நடந்தேன்.
அந்த வெறுமையில் என் காது தானாகவே
பாஸ் போட்டது.
முருகனிடம் அதைச் சொல்லவில்லை.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில் ஒரு கீறல்.
முள் தாவும்.
ஒரு சொல்லும் அரை அடியும் காணாமல் போகும்.
கடவுள் என்றான் ரோஸ்லான், அந்தச் சொல்லை.
ஒரு பெண்ணின் பெயர், டெரிக்குக்கு.
விடுதலை என்று நான் பந்தயம் கட்டினேன்.
வாசித்தபோது தாவலையும் சேர்த்தே வாசித்தோம்;
சொல் போன இடத்தில் ரோஸ்லான்
மத்தளத்தின் விளிம்பில் ஒரு டொக்.

பட்டறையின் வருடாந்திர விருந்தில் வாசித்தோம்.
ஜோடி ஜோடியாக எழுந்தவர்கள்
காலியான ஒன்றில் கால் வைத்துத் தடுமாறி
நாற்காலிக்குத் திரும்பினார்கள்.
பெயிண்ட் பகுதி பக்கிரிசாமி மட்டும்
டொக்கில் சரியாகத் தாவினார்,
தட்டில் பிரியாணியோடு.
அடுத்த மாதம் இரவுவேலைப் படி கேட்டு
மாடி ஏறிப் போனதும் அவர்தான்,
உடைந்த இங்கிலீஷில், நிதானமாக.
பாட்டால்தான் என்று சொல்லமாட்டேன்.
படி கிடைக்கவும் இல்லை.

சுங்கை ரோடு சந்தையின் கடைசி நாள்.
தார்ப்பாயில் பழைய விசிறிகளுக்கும்
சாவியில்லாத பூட்டுகளுக்கும் நடுவே
அதே தட்டு, அட்டையோடு, கீறலில்லாமல்.
கடைக்காரர் லிம் பேட்டரிப் பெட்டியில் சுழற்றிக் காட்டினார்.
குனிந்து காதை வைத்தேன், நாற்பது வருடம் கழித்து.

ரொட்டி.
நாளைக்கு ரொட்டி வாங்கி வா என்கிறான்.
அவ்வளவுதான்.

டெரிக் பெர்த்துக்குப் போய்விட்டான்.
ரோஸ்லான் சுவா சூ காங் மண்ணில்.
பந்தயப் பணம் யாருக்கும் சேரவில்லை.

பத்து வெள்ளிக்கு வாங்கி வந்தேன்.
பாட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது,
ஆனால் அந்த இடம் வரும்போது
அவன் ரொட்டி என்று வாய் திறப்பதற்குள்
என் முட்டி மேசையைத் தட்டிவிடுகிறது.